பெயருள்ள கல்லும் பெயரற்ற இணையும்: ஜவ்வாது மலைச் சூழலிலிருந்து தமிழகக் கோயிற் காமச் சிற்பங்கள் குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இடைக்காலக் கோயில்களில் இடம்பெறும் காமச் சிற்பங்கள் வட இந்தியச் சான்றுகளின் வழியாகவே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளன. தமிழகத்தில் இச்சிற்பங்கள் விமானச் சுவரில் மேலோங்காமல் தூண், கோபுரம், தேர் ஆகிய புறநிலை இடங்களையே சார்ந்து நிற்கின்றன. இவ்விட அமைப்பே அவற்றின் பொருளை உணர்த்தும் முதன்மைச் சான்று என்பது இக்கட்டுரையின் கருத்து. ஜவ்வாது மலைச் சூழலில் கிடைக்கும் நடுகற்களையும் மலையை அடுத்த சமவெளிக் கோயில்களையும் ஒப்புநோக்கி, தமிழ் அகப்பொருள் மரபின் பெயர் சுட்டாமை விதியும் கோயில் வழிபாட்டின் இட ஒழுங்கும் இச்சிற்பங்களை விளக்க எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மிதுனச் சிற்பம், நடுகல், அகம், திருக்காமக்கோட்டம், கலியாண மண்டபம், திருப்புகழ், தேர்ச் சிற்பம்.

1. முன்னுரை

கோயிற் காமச் சிற்பங்கள் பற்றிய உரையாடல் பெரும்பாலும் கஜுராஹோவில் தொடங்கிக் கொனாரக்கில் முடிகிறது. சந்தேலர் ஆட்சியில் 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த கஜுராஹோக் கோயில்களும், 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் எடுப்பித்த கொனாரக் கதிரவன் கோயிலும் உலக மரபுச் சின்னங்களாக அறியப்பட்டவை. ஆகவே அவை இப்பொருளுக்கு அளவுகோலாக அமைந்தது இயல்பே. அவ்வளவுகோலைத் தமிழகத்தின்மேல் வைக்கும்போது கிடைக்கும் விடை 'இங்கு அவை குறைவு' என்பதாகவே இருக்கிறது. குறைவு என்பது எண்ணிக்கை பற்றிய செய்தி. அது எந்த இடத்தில் குறைவு, எந்த இடத்தில் மிகுதி என்ற வினாவை எழுப்பினால்தான் ஆய்வு தொடங்கும்.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஜவ்வாது மலையும் அதன் சுற்றுப்புறமும் ஏற்ற களமாகும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்துள்ள இம்மலையில் செய்யாறு தோன்றுகிறது. மலையின் தெற்கே செங்கம், தென்கிழக்கே திருவண்ணாமலை, வடக்கே பாலாற்றங்கரையில் வேலூர் என வரலாற்றுச் சிறப்புடைய ஊர்கள் அமைந்துள்ளன. பல்லவர் காலம் முதல் விசயநகர, நாயக்கர் காலம் வரை கல்லில் உருவம் வடித்த மரபின் இருவேறு முகங்களை இச்சிறு நிலப்பரப்பிலேயே காணலாம். ஒன்று நடுகல், மற்றொன்று கோயில் மண்டபம்.

2. சொல்லும் வகையும்

'காமச் சிற்பம்' என்ற ஒரே சொல்லுக்குள் தம்முள் வேறுபட்ட பல உருவங்கள் அடக்கப்படுகின்றன. ஆய்வில் ஏற்படும் குழப்பத்திற்கு இதுவே முதற்காரணம். அவற்றைப் பின்வருமாறு பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மங்கல இணை. ஆணும் பெண்ணும் அருகருகே நிற்கும் அல்லது வானில் பறக்கும் உருவங்கள் இவ்வகையின. மாமல்லபுரத்து அருச்சுனன் தவம் எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தில் மேலே விரையும் கந்தருவ, கின்னர இணைகள் இதற்குச் சான்று. இரண்டாவது, காதல் இணை. தழுவுதல், முகம் நோக்குதல் முதலிய செயல்களை உடைய இவ்வுருவங்களே 'மிதுனம்' எனப்படுபவை. மூன்றாவது, கூடல் நிலையை வெளிப்படையாகக் காட்டும் உருவங்கள். வடமொழியில் இவை 'மைதுனம்' எனப்படும். நான்காவது, இரதி, மன்மதன் ஆகிய காமத் தெய்வங்களின் உருவங்கள். ஐந்தாவது, காமம் கதையின் உறுப்பாக வரும் உருவங்கள். பிச்சாடனர்முன் ஆடை நெகிழ நிற்கும் முனிபத்தினியர், ஆய்ச்சியர் ஆடை கவர்ந்த கண்ணன் முதலியோர் இவ்வகையினர். ஆறாவது, நகைச்சுவையும் எள்ளலும் கலந்த சிற்றுருவங்கள்.

மைதுனத்திற்குரிய விளக்கத்தை மங்கல இணைக்கும், காமத் தெய்வத்திற்குரிய விளக்கத்தை எள்ளல் உருவத்திற்கும் பொருத்துவது முறையன்று. ஒவ்வொரு வகையும் கோயிலின் எப்பகுதியில் நிற்கிறது என்பதைக் கண்டபின்னரே அதன் பொருளைப் பேச இயலும்.

3. மலையின் கல்

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளால் ஆகியது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அதன் பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம் ஆகும். சேயாறும், காரியுண்டிக் கடவுள் உறையும் நவிரமலையும் அப்பாட்டில் பேசப்படுகின்றன. கூத்தர் மலைவழியே நன்னனிடம் செல்லும் பாதையில் எதிர்ப்படுவனவற்றுள் நடுகற்களும் உள்ளன. பாட்டில் இடம்பெற்ற அம்மரபு பிற்காலத்தில் எழுத்துடைய கற்களாகவே அப்பகுதியில் கிடைக்கிறது.

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் இக்கற்களை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற கற்கள் இவற்றுள் உள்ளன. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடத்தனூர் நடுகல் பலரும் அறிந்தது. அதில் கருந்தேவகத்தி என்னும் வீரனின் பெயரோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

இக்கற்களில் உருவம் பெரும்பாலும் ஒன்றே. வில்லும் வாளும் ஏந்திய வீரன், சில கற்களில் உடலில் தைத்த அம்புகள், காலருகே ஆநிரை அல்லது சிறு பொருள்கள் என உருவத் தொகுதி சுருங்கியது. கன்னட நாட்டு வீரக்கற்களில் இறந்த வீரனை அரமகளிர் இருபுறமும் அணைத்து வானுலகு கொண்டுசெல்லும் அடுக்குக் காட்சிகள் பெருவழக்கு. அங்கு வீரச்சாவின் பயனாக இன்பம் காட்டப்படுகிறது. செங்கம் வட்டார நடுகல்லின் நோக்கமோ நிகழ்ச்சியை நிலைநிறுத்துவது. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன், இவ்வூர் ஆநிரைக்காகப் பட்டான் என்பதே அக்கல் கூறும் செய்தி.

ஆகவே நடுகல்லின் உயிர் பெயரில் இருக்கிறது. பெயரும் பீடும் எழுதி நாட்டுதல் என்று இலக்கியம் கூறும் செயலையே இக்கற்கள் நிறைவேற்றுகின்றன. காட்சி தொடங்கிக் கல்லை வாழ்த்துவது ஈறாகக் கல்நாட்டும் நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் அடக்கியதும் இதனோடு இயைகிறது. நடுகல் புறத்திணையின் கல் வடிவம் எனலாம்.

4. அகத்திணை விதியும் சிற்ப வழக்கும்

தொல்காப்பிய மரபில் மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு உரிய பொருள் புணர்தல். கவிதையில் கூடலுக்குரிய நிலமாக வைக்கப்பட்ட மலையில், கல்லில் வடிக்கப்பட்டதோ வீரனின் இறப்பு. இவ்வேறுபாடு முரண் அன்று; இரு பொருள்களையும் வெளியிடும் முறை வேறு என்பதன் விளைவு. அகப்பொருளில் தலைவன், தலைவி ஆகியோரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் சுட்டப்பட்டால் அப்பாடல் புறத்திற்கு உரியதாகிவிடும். புறத்திற்குப் பெயர் இன்றியமையாதது; அகத்திற்குப் பெயர் விலக்கப்பட்டது.

கோயிற் சிற்பங்களை இவ்விதியின் ஒளியில் நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் தேவியரும் இணைந்து நிற்கின்றனர். திருமலையில் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடு செப்புருவமாக நிற்கிறார். இவை யாரென்று அறியப்பட்ட, பெயருடைய இணைகள். இவ்வுருவங்களில் கைகள் கூப்பிய நிலையில் உள்ளன, தழுவல் இல்லை. மண்டபத் தூண்களில் தழுவி நிற்கும், கூடும் சிற்றுருவங்களுக்கோ பெயர் இல்லை. அவர்கள் 'ஒருவன், ஒருத்தி' மட்டுமே.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் சேதுபதி மன்னர் மகளிரோடு இன்புறும் காட்சிகள் உள்ளன. அங்கு இன்பம் பெயருடையவனுக்கு உரியதாகக் காட்டப்படுகிறது. ஆனால் அது அரண்மனைச் சுவர். கோயிலில் பெயருடைய மனிதன் பணிந்து நிற்கிறான். அரண்மனையில் அவன் இன்பம் துய்க்கிறான். இடம் மாறும்போது விதியும் மாறுகிறது.

சிற்பியர் தொல்காப்பியத்தைப் பயின்று செதுக்கினர் என்பது இதன் பொருளன்று. காமம் பொதுமையில் பேசப்படத்தக்கது, தனியொருவர்மேல் ஏற்றப்படத்தகாதது என்னும் பண்பாட்டு நெறி, இலக்கணத்தில் விதியாகவும் சிற்பத்தில் வழக்காகவும் வெளிப்பட்டிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

கோயிலில் காமம் காட்சிப்பொருளாதல் தமிழ்நாட்டில் பிற்காலப் புதுமையும் அன்று. பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பேசுகிறது. இரதி, காமன் உருவங்களும் அகலிகை, இந்திரன், கௌதமன் ஆகியோர் தொடர்பான காட்சியும் அங்கு எழுதப்பட்டிருந்தன. வந்தவர் சுட்டி வினவ, உடனிருந்தோர் விளக்கினர். இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கவை. காமத் தெய்வங்களின் உருவம் கோயிலைச் சார்ந்து இருந்தது. அது மண்டபத்தில் இருந்தது. அது பலரும் கூடிக் கண்டு பேசும் பொருளாக இருந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்த் தூண்களில் இரதி, மன்மதன் வடிக்கப்பட்டபோதும் அவை மண்டபத்திலேயே இடம்பெற்றன.

5. விமானச் சுவரும் காமமும்

தேவங்கனா தேசாய் 1975-இல் வெளியிட்ட இந்தியக் காமச் சிற்பங்கள் பற்றிய நூலிலும், 1996-இல் வெளியிட்ட கஜுராஹோ பற்றிய நூலிலும் இட அமைப்பின் சிறப்பை வலியுறுத்தினார். கந்தாரிய மகாதேவர் கோயிலில் கூடற் காட்சிகள் கருவறைப் பகுதியும் மண்டபமும் இணையும் சந்திச் சுவரில் குவிந்துள்ளமையை அவர் சுட்டிக்காட்டினார். இரு கட்டடப் பகுதிகள் கூடும் இடத்தில் இரு உடல்கள் கூடும் உருவம் வைக்கப்பட்டிருப்பது அங்குச் சிலேடையாக நிற்கிறது. எவ்வாறாயினும் அங்கு அது கருவறையை ஒட்டிய சுவரில், கண்ணுக்கு நேரே, பெரிய அளவில் அமைந்துள்ளது.

சோழர் விமானம் இதனின்று வேறுபட்ட ஒழுங்குடையது. சுவரில் கோட்டங்கள் பிரிக்கப்பட்டு, தென்புறம் தட்சிணாமூர்த்தி, மேற்கே இலிங்கோற்பவர் அல்லது திருமால், வடபுறம் பிரமன் என இறையுருவங்கள் திசைநெறியால் நிலைபெற்றன. சுவரின் சிறந்த இடங்கள் தெய்வங்களுக்கு ஒதுக்கப்பட்டமையால், மனித இணைகள் அடித்தளத்தின் சிறு சதுரங்களிலும் கூரைக் கூடுகளிலும் சிற்றளவில் தங்கின.

கோயிலைச் சார்ந்த மகளிர் மிகுதியாக இருந்தமையால் காமச் சிற்பங்கள் தோன்றின என்ற எளிய விளக்கத்தைத் தஞ்சைப் பெரிய கோயில் மறுக்கிறது. முதலாம் இராசராசன் ஏறத்தாழ கி.பி. 1014-இல் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அங்குக் குடியமர்த்தியதைக் கல்வெட்டு ஒவ்வொருவர் பெயரோடும் கூறுகிறது. அவ்விமானத்தின் மேல்தள உட்சுற்றில் வடிக்கப்பெற்ற 81 கரணங்களில் ஆடுபவர் சிவபெருமானே. ஆடல்மகளிர் கல்வெட்டில் பெயர்களாக நிற்கின்றனர். சிற்பத்தில் காமப் பொருளாக்கப்படவில்லை. சோழர் காலக் கோயிற் பெண்டிரைக் கல்வெட்டுகளின் வழி ஆராய்ந்த லெஸ்லி ஆர், அவர்களைக் கொடையாளர்களாகவும் உரிமையுடையவர்களாகவும் காட்டியது இங்கு நினைக்கத்தக்கது.

சோழர் கலையில் காமம் வெளிப்படும்போது அது கதையின் உறுப்பாகவே வெளிப்படுகிறது. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் வைக்கப்பெற்றுள்ள பிச்சாடனர் தொகுதி இதற்குச் சிறந்த சான்று. முனிபத்தினியரின் நெகிழ்ந்த ஆடையும் தளர்ந்த நிலையும் வேட்கையைக் காட்டுகின்றன. அவ்வேட்கையின் பொருள் இறைவன். அவனோ கடந்து செல்பவன். காமனை எரித்த கதை அட்டவீரட்டானத் தலங்களுள் ஒன்றான திருக்குறுக்கைக்கு உரியதாக்கப்பட்டது. காமத்தைக் கவர்பவனும் காமனை எரிப்பவனும் ஒருவனே என்னும் சைவக் கருத்து, கூடற் காட்சியைத் தனித்து வடிக்கும் தேவையைக் குறைத்தது எனலாம்.

6. திருக்காமக்கோட்டம் முதல் கலியாண மண்டபம் வரை

இங்கிருந்து தமிழ்க் கோயில் தனக்கே உரிய வழியில் சென்றது. அம்மனுக்குத் தனிச் சன்னிதி எடுக்கும் வழக்கம் சோழர் காலத்தில் வளர்ந்து, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பெருகியது. அச்சன்னிதியைக் கல்வெட்டுகள் 'திருக்காமக்கோட்டம்' என்று அழைக்கின்றன. வடக்கே சுவரில் உருவமாகிய காமம் இங்குக் கட்டடத்தின் பெயராகவே அமைந்தது. இறைவனும் இறைவியும் தனித்தனிச் சன்னிதிகளில் உறைந்தால், அவர்களை இணைப்பதற்கு வழிபாடு தேவைப்படுகிறது. பள்ளியறை வழிபாடும் திருக்கலியாண விழாவும் அத்தேவையை நிறைவேற்றுகின்றன. மதுரையில் இறைவன் இரவுதோறும் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளும் வழக்கம் இதற்குத் தெளிவான சான்று. கூடல் இங்கு வழிபாட்டில் நிகழ்வது. ஆகவே அது திரைக்குப் பின்னால் நிகழ்வது.

விசயநகர காலத்தில் திருக்கலியாண விழாவுக்கெனவே பெரிய மண்டபங்கள் எழுந்தன. ஜவ்வாது மலைக்கு வடக்கே வேலூர்க் கோட்டைக்குள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலின் 16-ஆம் நூற்றாண்டுக் கலியாண மண்டபம் இவற்றுள் புகழ்பெற்றது. பாயும் குதிரைகளும் யாளிகளும் ஒரே கல்லில் வடிக்கப்பெற்ற தூண்கள் அதன் முகப்பை நிறைக்கின்றன. விதானத்தின் நடுவில் மலரைச் சூழ்ந்து தலைகீழாகத் தொங்கும் கிளிகள் செதுக்கப்பட்டுள்ளன. கிளி காமனுடைய ஊர்தி. திருமணம் நிகழும் இடத்தின் மேற்புறத்தில் அது இடம்பெற்றிருப்பதைக் காமத்தின் மறைமுகக் குறிப்பாகக் கொள்ளலாம்.

இக்கால மண்டபங்களில் பெருவழக்கான சித்திரகண்டத் தூண், மூன்று சதுரங்களையும் அவற்றினிடையே இரண்டு கட்டுகளையும் உடையது. ஒவ்வொரு சதுரத்திற்கும் நான்கு முகங்கள். ஆகவே ஒரு தூணில் 12 சிறு பரப்புகள் கிடைக்கின்றன. நூறு தூண்கள் கொண்ட மண்டபத்தில் இத்தூணே நிறைந்தால் 1200 பரப்புகள் கிடைக்கும். விமானக் கோட்டத்திற்கு இருந்த கட்டுப்பாடு இப்பரப்புகளுக்கு இல்லை. தெய்வங்கள், அடியார், விலங்குகள், கழைக்கூத்தர், வேடர் ஆகியோரின் நடுவே காதல் இணைகளும் கூடற் காட்சிகளும் எள்ளல் உருவங்களும் இவற்றில் புகுந்தன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் இரதியும் மன்மதனும் தூணுருவங்களாக உள்ளனர். கிருஷ்ணாபுரம், தென்காசி, தாடிக்கொம்பு ஆகிய இடங்களில் இவ்விணை ஆளுயரச் சிற்பமாக வளர்ந்தது. தாடிக்கொம்பில் மணப்பேறு வேண்டுவோர் இச்சிற்பங்களை வழிபடுகின்றனர். காமச் சிற்பம் வழிபடுபொருளாகவே மாறிய நிலை இது.

இதே காலத்தின் இலக்கியச் சூழலும் கருதத்தக்கது. வடமொழி இரதிரகசியத்தின் வழிவந்த தமிழ்க் கொக்கோகம் 16-ஆம் நூற்றாண்டுத் தென்காசிப் பாண்டியர் மரபோடு இணைத்துப் பேசப்படுகிறது. உலாவும் விறலிவிடு தூதும் பெருகின. வேல்செரு நாராயணராவ், டேவிட் சுல்மன், சஞ்சய் சுப்பிரமணியம் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட நாயக்கர் கால அரசவை பற்றிய நூலில், போகம் துய்த்தல் அரசத்தன்மையின் அடையாளமாகவே மாறியதை விளக்கினர். தூண்களின் காமக் காட்சிகளை இப்பின்புலத்தினின்று பிரித்து நோக்க இயலாது.

7. திருவண்ணாமலையின் சான்று

ஜவ்வாது மலையின் தென்கிழக்கே உள்ள திருவண்ணாமலை இப்பொருளுக்கு மூன்று வகையில் உதவுகிறது.

முதலாவது தலக்கதை. அம்மை தவமியற்றி இறைவனின் இடப்பாகத்தைப் பெற்ற தலம் இது. கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் பொழுதில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருள்கிறார். இரு உடல்களின் கூடல் என்பதற்கு மாறாக, ஓருடலில் இருபாலும் நிற்பது இங்கு இணைவின் உயர்நிலை.

இரண்டாவது வல்லாளன் கதை. அடியார் வேடத்தில் வந்து பெண்துணை கேட்ட இறைவனுக்கு, வேறு வழியின்றி அரசன் தன் தேவியையே அனுப்ப, அவள் அணைத்தபோது இறைவன் குழந்தையானான் என்பது எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் கூறும் செய்தி. வேட்கையாகத் தொடங்கும் நிகழ்ச்சி மகவுறவாக முடிகிறது. அவ்வரசன் பெயரால் அமைந்த வல்லாள கோபுரத்தில் அவனது உருவமும் இடம்பெற்றுள்ளது.

மூன்றாவதும் முதன்மையானதும் திருப்புகழ். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் திருவண்ணாமலையைச் சார்ந்தவர். அவருடைய திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றின் முற்பகுதி பொதுமகளிரின் உடலழகையும் கலவியையும் தயக்கமின்றி விரிக்கிறது. அம்மயக்கத்தினின்று தன்னை மீட்குமாறு வேண்டும் குரல் இடையில் எழுகிறது. பிற்பகுதி முருகனின் புகழில் நிறைவுறுகிறது. இப்பாடல்கள் கோயிலில் பாடப்படுபவை. காமத்தை விரித்த பகுதியை நீக்கிப் பாடினால் பாடலின் சந்தமும் பொருளும் ஒருங்கே சிதையும்.

இப்பாடலமைப்பும் கோயிலின் இட அமைப்பும் ஒரே நெறியில் செல்கின்றன. கோபுரத்தில் நுழைபவர் உலகியலின் எல்லா உருவங்களையும் காண்கிறார். மண்டபத் தூண்களைக் கடக்கிறார். உள்ளே செல்லச் செல்ல உருவங்கள் குறைகின்றன. கருவறையில் அருவுருவமான இலிங்கம் மட்டும் நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் கி.பி. 1516-இல் திருவண்ணாமலையில் ஆயிரக்கால் மண்டபம், குளம், 11 நிலைக் கோபுரம் ஆகிய திருப்பணிகளை மேற்கொண்டபோது விரிந்தது கோயிலின் புறப்பகுதியே, கருவறை அன்று. விசயநகர காலத்தில் காமச் சிற்பங்கள் பெருகியதற்கு இக்கட்டட வளர்ச்சியும் ஒரு காரணம். உலகியல் உருவங்களுக்கு உரிய இடம் பன்மடங்காகியபோது அவற்றுள் ஒன்றான காமமும் பெருகியது.

8. விளக்கக் கொள்கைகளும் இடச் சான்றும்

காமச் சிற்பங்களுக்குக் கூறப்படும் விளக்கங்களை இவ்விடச் சான்றால் எடைபோடலாம்.

மங்கலக் கொள்கை தொன்மையானது. 6-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை, கோயில் வாயில்நிலையில் பூரணகும்பம், கொடி முதலியவற்றோடு மிதுனங்களையும் அமைக்கக் கூறுகிறது. அக்கினி புராணமும் இதனை ஒட்டியே கூறும். வாயில் என்பது எல்லை. தமிழகத்தில் கோபுரமே பெருவாயில் ஆனபோது மிதுனம் அங்குச் சென்றது இவ்விதியோடு முரண்படவில்லை. கண்ணேறு கழிப்பதற்காகவும் இடி தாக்காமைக்காகவும் இவை வைக்கப்பட்டன என்னும் மக்கள் வழக்கும் எல்லைக் காவல் என்ற இக்கருத்தின் எளிய வடிவமே.

தாந்திரிகக் கொள்கை 1966-இல் ஆலிஸ் போனரும் சதாசிவ ரத சர்மாவும் வெளியிட்ட 'சில்பப் பிரகாசம்' என்னும் ஒரியச் சிற்பநூலால் வலுப்பெற்றது. அந்நூலின் தொன்மை பற்றி அறிஞரிடையே ஐயம் எழுந்துள்ளது. மேலும் தாந்திரிகச் சடங்கு மறைவானது. தூண்சதுரமும் தேரும் எல்லோரும் காண்பதற்குரியவை. தமிழகச் சிற்பங்களுக்கு இக்கொள்கை பொருந்துவது அரிது.

காமத்தை வெளியே விட்டு உள்ளே வருக என்னும் ஒழுக்கக் கொள்கை பிற்கால அறிவுரைபோல் தோன்றினும், திருப்புகழின் அமைப்பு அதற்கு அதே காலத்துச் சான்றாக நிற்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திருப்புகழ் காமத்தை வெளியே விடவில்லை. பாடலுக்குள் வைத்துக் கடக்கிறது. கோயிலும் அவ்வாறே. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கனுள் இன்பத்திற்கும் கோயில் இடம் தந்தது. அவ்விடம் எது என்பதையும் வரையறுத்தது.

9. சட்டம், திருப்பணி, ஆவணம்

1838-இல் கஜுராஹோவைக் கண்ட ஆங்கிலப் படை அதிகாரி பர்ட், சிற்பியின் கைத்திறனை வியந்தும் பொருளைக் கடிந்தும் எழுதினார். ஆனால் 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், ஆபாசப் பொருள்களுக்குத் தண்டனை விதித்த 292-ஆம் பிரிவிலேயே கோயிலில் உள்ள உருவங்களுக்கும் தெய்வத் திருமேனியைக் கொண்டுசெல்லும் தேரில் உள்ள உருவங்களுக்கும் விலக்கு அளித்தது. தேர் தனித்துப் பெயர் குறிக்கப்பட்டது கருதத்தக்கது. தமிழகத் தேர்களின் அடித்தட்டுகளில் கூடற் காட்சிகள் மரத்தில் செதுக்கப்பட்டு, வீதியில் அனைவரும் காண உலா வந்தன. 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவும் இவ்விலக்கைத் தொடர்கிறது.

சட்டம் இச்சிற்பங்களைக் காத்தபோதிலும் காலமும் திருப்பணியும் அவற்றை மாற்றி வருகின்றன. கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவை. குடமுழுக்குதோறும் சுதையுருவங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. சிதைந்த உருவம் ஒன்றைத் திருத்தும்போது தழுவிய கை கூப்பிய கையாக மாறினால், பின்வரும் ஆய்வாளருக்கு அவ்விடத்தில் மிதுனம் இருந்த செய்தியே கிடைக்காது. மணல்வீச்சுத் தூய்மையால் தூண்களின் சிற்றுருவங்கள் தேய்ந்தன. மரத்தேரின் பழம்பலகை உளுத்து நீக்கப்படும்போது அதன் சிற்பமும் நீங்குகிறது. நடுகல் தரையில் கிடந்தாலும் அதன் எழுத்து அதனைக் காத்தது. பெயரற்ற இணைக்கு அக்காப்பு இல்லை. அகத்திற்குரிய அதன் இயல்பே அதன் அழிவை எளிதாக்குகிறது.

ஆகவே இவற்றை ஆவணப்படுத்தும் முறை நடுகல் ஆவணத்திற்கு நிகரான துல்லியம் உடையதாதல் வேண்டும். உருவத்தின் வகை, கட்டடப் பகுதி, தூணின் வரிசை எண், சதுரம், முகம் நோக்கும் திசை, தரையிலிருந்து உயரம், அடுத்துள்ள உருவங்கள், சுதையாயின் புதுப்பித்த ஆண்டு ஆகியவற்றை ஒவ்வோர் உருவத்திற்கும் குறித்தல் தகும். தனியுருவத்தை மட்டும் படமெடுத்து வெளியிடுவது அதனைச் சூழலினின்று பிரித்து, ஆபாசம் என்ற குற்றச்சாட்டிற்கோ வியப்புப் பொருள் என்ற நுகர்விற்கோ ஒப்புக்கொடுப்பதாகும்.

10. முடிவுரை

ஜவ்வாது மலைச் சூழலில் தொடங்கிய இவ்வொப்பீட்டால் பெறப்படுவன மூன்று. ஒன்று, நடுகல் பெயரால் வாழும் புறக்கல். மிதுனம் பெயரின்மையால் பொதுமை பெறும் அகச் சிற்பம். இரண்டு, தமிழ்க் கோயில் காமத்தை விமானச் சுவரில் மேலோங்கவிடாமல் திருக்காமக்கோட்டம், பள்ளியறை, கலியாண மண்டபம் என வழிபாட்டிடங்களாக ஒழுங்குபடுத்தியது. கூடல் உருவங்கள் தூண், கோபுரம், தேர் ஆகிய புற எல்லைகளில் நின்றன. மூன்று, இவ்வெளி உள் ஒழுங்கைத் திருவண்ணாமலையில் தோன்றிய திருப்புகழ் மொழியில் காட்டுகிறது.

எனவே 'தமிழகத்தில் காமச் சிற்பங்கள் குறைவு' என்ற கூற்றைத் 'தமிழகத்தில் அவற்றின் இடம் வேறு' என்று திருத்திக்கொள்வது பொருந்தும். இடத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுக்கு இடம் மாறாமல் இருத்தல் இன்றியமையாதது. அடுத்த திருப்பணிக்கு முன்னர் ஒவ்வொரு தூணையும் கோபுர நிலையையும் தேர்ப்பலகையையும் பதிவு செய்வது தமிழாய்வு உடனே மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.